சர்க்கஸ் மியூசியத்தில் மஞ்சள் சட்டை

இங்கே உட்காரலாங்களா? இல்லை இல்லை, ஜன்னல் பக்கம் நீங்களே இருங்கள். எனக்கு ஓரமே போதும். பின்னால் இடம் நிறையக் காலியாக இருக்கிறதுதான். ஆனால் பின்சீட்டு தூக்கித் தூக்கிப் போடும், என் முதுகுக்கு ஆகாது. தற்செயலாகத்தான் வந்து உட்கார்ந்தேன். அப்படியே வைத்துக்கொள்வோம்.

கொய்யாப்பழம் எடுத்துக்கொள்ளுங்கள். வேண்டாமா? சரி, அப்புறம்.

திண்டுக்கல்லுக்கா? நானும் அங்கேதான் போகிறேன். அங்கே எனக்கு வேலை ஒன்றும் இல்லை. போய்விட்டு அடுத்த பஸ்ஸில் திரும்ப வேண்டியதுதான். வழி நீளம். பேசாமல் உட்கார்ந்திருந்தால் தூக்கம் வரும். நீங்கள் சர்க்கஸ் பார்த்திருப்பீர்கள். சர்க்கஸ் மியூசியம் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன். ஒரே ஒரு முறை. அந்த ஒரு முறைக்கே மியூசியத்துக்காரர்கள் என்னை மறக்கவில்லை. சொல்கிறேன் கேளுங்கள்.

என் பெயர் சென்னியப்பன். திருப்பூரில் ஆணி, திருகாணி, கீல், தாழ்ப்பாள் விற்கும் கடை எனக்கு. இப்போது மகன் பார்த்துக்கொள்கிறான். நான் கடையில் இருந்தால் வருகிறவர்களோடு நாலு வார்த்தை பேசுவேன். ஒரு கொண்டி வாங்க வந்தவர் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் வீட்டுக்குப் போவார். அவ்வளவு பிரியம். மகன்தான் "அப்பா, நீங்க உழைச்சது போதும், வீட்ல இருங்க" என்று கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டான். இந்தக் காலத்தில் இப்படி ஒரு பிள்ளை யாருக்கு அமையும்?

எனக்கு ஒரே அக்கா. பாவாயி என்று பெயர். அவளுக்கு இரண்டு பெண்கள், பெரியவள் கோகிலா, சின்னவள் தாரணி. மச்சான் இருக்கிறார். ஆனால் அவர் பேசமாட்டார். கல்யாணத்துக்கு முன்னால் பேசிக்கொண்டிருந்தவர்தான் என்று அவர் தம்பி சொல்வார். எப்படியோ, அந்தக் குடும்பத்தில் பேசவேண்டியது எல்லாம் தாய்மாமன் என் தலையில் விழுந்துவிட்டது.

கோகிலா சாயப்பட்டறையில் வேலை பார்க்கிறாள். சாயம் போடுகிற வேலை இல்லை. வெளிநாட்டுக்காரன் கைக்குட்டை அளவுக்கு ஒரு துண்டு அனுப்பி, இதே நிறம் வேண்டும் என்பான். சாயம் போட்ட துணியை விளக்கு வெளிச்சத்தில் வைத்து, இது அதுதானா என்று இவள் பார்த்துச் சொல்லவேண்டும். நமக்கு இரண்டும் மஞ்சளாகத்தான் தெரியும். இவள் "இதுல ஒரு சொட்டு சிவப்பு ஏறிருச்சு" என்று திருப்பி அனுப்பிவிடுவாள். வண்டி வண்டியாகத் துணி இவள் ஒரு சொல்லுக்காகக் காத்துக் கிடக்கும். அப்பேர்ப்பட்ட கண்.

அவளுக்கு வரன் பார்க்க ஆரம்பித்தோம். முதல் வரன் நன்றாகத்தான் வந்தது. பெண்ணைப் பற்றிப் பெருமையாக ஏதாவது சொல்லவேண்டுமே என்று, "எங்க கோகிலா படுத்தான்னா படுத்ததுதானுங்க. இடி விழுந்தாலும் எந்திரிக்க மாட்டா. எங்கக்கா சொம்புல தண்ணி கொண்டாந்து ஊத்தித்தான் எழுப்பும்" என்றேன். மனதில் கள்ளம் இருக்கிறவளுக்கு அப்படித் தூக்கம் வருமா? அந்த அர்த்தத்தில் சொன்னேன். அவர்கள் காபி கூடக் குடித்து முடிக்கவில்லை.

இரண்டாவது மாப்பிள்ளைக்கு முன்பக்கம் முடி கொஞ்சம் ஏறியிருந்தது. என் கடைக்கு வருகிற ஒருவருக்கும் அப்படித்தான் இருந்து, ஏதோ எண்ணெய் தடவி நின்றது. அந்த எண்ணெய் எங்கே கிடைக்கும், எப்படித் தடவவேண்டும் என்று விளக்கமாகச் சொல்லிக் கொடுத்தேன். எல்லாரும் இருக்கும்போதுதான் சொன்னேன். ரகசியமாகச் சொன்னால் அல்லவா தப்பு? அதுவும் போயிற்று.

அதற்கப்புறம் அக்கா என்னிடம், "சென்னி, இவளுக்கு வயசு ஏறிட்டே போகுது. அடுத்ததும் போச்சுன்னா இவ கல்யாணமே வேண்டாம்னு உக்காந்துக்குவா. உன்ற வாயத் தொறந்தீன்னா, தம்பின்னும் பார்க்க மாட்டேன், பசையை ஊத்தி ஒட்டிருவேன்" என்றாள்.

என் வீட்டுக்காரி தெய்வானை இருந்தவரை இந்தப் பிரச்சினை இல்லை. எங்கே போனாலும் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். யாருக்கும் தெரியாமல் கையில் கிள்ளுவாள். ஒரு கிள்ளு என்றால் பேச்சை மாற்று. இரண்டு கிள்ளு என்றால் நிறுத்து. அவள் போனபிறகு எங்கே நிறுத்துவது என்று எனக்குத் தெரிவதில்லை. அது வேறு விஷயம். விடுங்கள்.

மூன்றாவதாகப் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து ஒரு வரன் வந்தது. பையன் பெயர் நவநீதன். ஜாதகம் பொருந்திவிட்டது. இனிமேல் அந்தப் பார்வைதான் பாக்கி. உங்களுக்குத் தெரியாததா? வீட்டுக்கு வந்து முறையாகப் பெண் பார்ப்பதற்கு முன்னால், இரண்டு வீட்டாரும் ஏதாவது ஒரு கோயிலுக்குப் போவார்கள். அவர்கள் சாமி கும்பிட வந்தவர்கள், நாமும் சாமி கும்பிட வந்தவர்கள். தற்செயலாகப் பார்த்துக்கொள்வோம். பிடித்திருந்தால் மேற்கொண்டு பேச்சு. பிடிக்காவிட்டால் யாரும் யாரையும் பார்க்கவில்லை. பெண்ணை வேண்டாம் என்று சொன்ன பேச்சே வராது. நல்ல ஏற்பாடு. ஆனால் கோயிலில் என்ன ஆகிறது என்றால், நம் சொந்தக்காரர்கள் பத்துப்பேர் நிஜமாகவே சாமி கும்பிட வந்துவிடுகிறார்கள். அடுத்த நாள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடுகிறது.

அதனால் பையன் வீட்டார் ஒரு யோசனை சொன்னார்கள். பொள்ளாச்சிக்கு அந்தப்புறம் ஒரு பழைய தேங்காய்க் களத்தில் சர்க்கஸ் மியூசியம் வைத்திருக்கிறார்கள். சர்க்கஸ் நடத்தி ஓய்ந்துபோன ஒரு முதலாளி, மிச்சமான சாமான்களை எல்லாம் கொட்டி வைத்த இடம். அங்கே நம் ஆட்கள் யாரும் தலைவைத்துப் படுக்கமாட்டார்கள் என்றார்கள். சரி என்றோம்.

ஞாயிற்றுக்கிழமை வேனில் போனோம். உள்ளே போனதும் கோகிலா ஒருமுறை சுற்றும்முற்றும் பார்த்தாள். பிறகு என் காதோரம் வந்து, "மாமா, அதோ சிங்கத்துக்கிட்ட மஞ்சச் சட்டை போட்டுட்டு நிக்கறாரே, அவர்தான். அவங்க வீட்டு ஆளுங்களை நீங்க ஒருத்தர்தான் சமாளிக்க முடியும். எங்க பக்கமே திரும்பாதீங்க. சந்தேகம் வந்துரும்" என்றாள்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அக்கா வாயை ஒட்டிவிடுவேன் என்கிறாள். இந்தப் பிள்ளை மாமனை நம்பி இவ்வளவு பெரிய காரியத்தை ஒப்படைக்கிறது. அதுவரை மாப்பிள்ளையின் போட்டோவைக்கூட எனக்கு யாரும் காட்டியிருக்கவில்லை, பாருங்கள்.

போனேன். பஞ்சு அடைத்த சிங்கம். ஒரு கண்ணைக் காணோம், அதற்குப் பதிலாகக் கோலிக்குண்டு வைத்திருந்தார்கள். மஞ்சள் சட்டை, அவருடைய அப்பா, அம்மா, கூட இன்னொரு பெண், அவள் இடுப்பில் ஒரு குழந்தை. நான் சிங்கத்தைப் பார்ப்பதுபோல நின்றுகொண்டு பெரியவரிடம், "ஏனுங்க, இந்தச் சிங்கம் வாரத்துல எத்தனை நாள் கறி தின்னிருக்குமுங்க?" என்றேன். உள்ளர்த்தம் புரிகிறதா? அவர்கள் வீட்டில் கறி உண்டா என்று தெரியவேண்டுமே.

அவர், "தெரியலீங்களே. சிங்கத்துக்கு நாள் கிழமை ஏது?" என்றார்.

பிடிகொடுக்கவில்லை. பெயர் கேட்டேன். சூசைமாணிக்கம் என்றார். மகன் பெயர்? அருள்ராஜ். ஊர்? திண்டுக்கல். பார்த்தால் அந்த அம்மா கழுத்தில் சங்கிலியோடு ஒரு சிலுவை தொங்குகிறது.

அசந்துவிட்டேன். நாங்களும்தான் தற்செயலாக வந்தோம். ஆனால் பெயரை மாற்றவேண்டும், ஊரை மாற்றவேண்டும், மதத்தையே மாற்றிக்கொண்டு வரவேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவில்லையே. சொந்தக்காரன் எதிரில் வந்தால்கூட இவர்களை அடையாளம் தெரியாது. இப்பேர்ப்பட்ட முன்யோசனை உள்ள வீட்டில் பெண் கொடுத்தால் அவளுக்கு ஒரு குறையும் வராது என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

அடுத்து யானை கிரிக்கெட் ஆடிய மட்டை. வீட்டு நிலைக்கதவு அளவுக்கு ஒரு மட்டை. "தம்பிக்கு யானை மாதிரி கோபம் வருமுங்களா?" என்றேன். மஞ்சள் சட்டை சிரித்தார். "எப்பவாச்சும் வரும் சார்" என்றார். நேர்மையான பையன். அப்போதுதான் அந்தக் குழந்தை அவரைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டி, "அப்பா" என்றது.

அவரும் வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

நீங்களே சொல்லுங்கள். இன்னும் பல் முளைத்து முடியவில்லை அதற்கு. அதற்கும் சொல்லிக் கொடுத்துக் கூட்டி வந்திருக்கிறார்கள். நான் பெரியவர் பக்கம் குனிந்து, "குழந்தை யாருதுங்க, பக்கத்து வீட்டுதா?" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். நான் கண்ணைச் சிமிட்டினேன். அவர் இரண்டடி தள்ளி நின்றுகொண்டார். சரியாகத்தான் செய்தார். ஒட்டி நின்றால் பார்க்கிறவர்களுக்குச் சந்தேகம் வரும் அல்லவா?

இந்த நேரத்தில் எதேச்சையாக அந்தப் பக்கம் பார்த்தால், கோகிலா வளைந்த கண்ணாடிகள் வைத்திருக்கும் இடத்தில் நிற்கிறாள். அந்தக் கண்ணாடியில் ஆள் பானை மாதிரியும் தெரிவார், பாம்பு மாதிரியும் தெரிவார். அவளுக்குப் பக்கத்தில் நீலச் சட்டை போட்ட எவனோ ஒருவன். இரண்டு பேரும் கண்ணாடியைக் காட்டிக் காட்டிச் சிரிக்கிறார்கள். அக்கா அங்கே நின்றுகொண்டு கண்டும் காணாததுபோல் இருக்கிறாள். மச்சான் வேறு ஒரு கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இங்கே மாப்பிள்ளை நிற்கும்போது அங்கே இப்படி நடந்தால் விளங்குமா?

விறுவிறுவென்று போனேன். "தம்பி, ஒத்தைச் சக்கர சைக்கிள் அந்தக் கோடியில இருக்குது. போய்ப் பாருங்க. இங்க பொம்பளைப் பிள்ளைக நிக்கற இடம்" என்றேன்.

"பார்த்துட்டேனுங்க" என்றான்.

"இன்னொருக்காப் பாருங்க. சக்கரம் சுத்துதான்னு பாருங்க."

பக்கத்தில் வெள்ளை வேட்டி கட்டிய ஒருவர் நின்றார். அவனுடைய அப்பா போலிருந்தது. "பெரியவரே, பையனைக் கையில புடிச்சு வச்சுக்குங்க. நாலு குடும்பம் வந்து போற எடம்" என்று அவரிடமும் சொல்லிவிட்டு வந்தேன். கோகிலா முகம் வெளுத்துப்போயிற்று. மாப்பிள்ளை பார்த்துவிட்டாரோ என்ற பயம், பாவம்.

இனிமேல் தாமதிக்கக் கூடாது என்று பட்டது. திரும்பி வந்தபோது மஞ்சள் சட்டை ஒரு பலகையின் முன்னால் நின்றிருந்தார். கத்தி வீசுகிற பலகை அது. நடுவில் ஆளை நிறுத்திச் சுற்றிக் கத்தி வீசுவார்களே, அது. பலகை முழுக்கக் கத்தி குத்திய வடு, நடுவில் மட்டும் ஆள் உருவத்துக்குச் சுத்தமான மரம். அவர் அதில் கையை விரித்துக்கொண்டு நிற்க, அந்தப் பெண் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தாள்.

கடைக்காரன் என்பதால் என் பையில் எப்போதும் அளவு நாடா இருக்கும். "தம்பி, அப்படியே நில்லுங்க" என்று சொல்லி, காலிலிருந்து தலைவரை அளந்தேன். தோளையும் அளந்தேன். கோகிலாவின் உயரம் எனக்குத் தெரியும். அற்புதமான பொருத்தம். பெரியவரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டு, "எங்களுக்குப் பூரண சம்மதமுங்க" என்றேன்.

"எதுக்குச் சம்மதம்?" என்றாள் போட்டோ எடுத்த பெண்.

"கல்யாணத்துக்குத்தான் அம்மிணி."

"யார் கல்யாணத்துக்கு?"

"இந்தத் தம்பிக்கும் எங்க கோகிலாவுக்கும்."

அவள் போனைப் பைக்குள் வைத்தாள். குழந்தையை மாமியாரிடம் கொடுத்தாள். அந்தப் பக்கம் மேஜைமேல் ஜோக்கர் போடுகிற பூட்ஸ் இருந்தது, ஒரு முழ நீளம். அதில் ஒன்றை எடுத்துக்கொண்டு பலகையைப் பார்த்து நடந்தாள். "யாருங்க அந்தக் கோகிலா? எத்தனை நாளா நடக்குது? ஆளு வந்து அளவெடுத்துட்டுப் போற அளவுக்கு வந்துருச்சா?"

அந்தப் பையன் கத்தி வீசுகிற பலகையிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கிறார். "ரெஜினா, சத்தியமா எனக்குத் தெரியாது, ரெஜினா" என்கிறார். நான் அவ்வளவு நல்ல நடிப்பை அதற்கு முன்னால் பார்த்ததில்லை. கைதட்டினேன். சுற்றி நின்றவர்களும், ஏதோ மியூசியத்துக்காரர்கள் நடத்துகிற வேடிக்கை என்று கைதட்டினார்கள். பூட்ஸ் முதல் வீச்சில் பலகையில் பட்டது. சரியாகத் தலைக்கு மேலே. கத்திக்காரன்கூட அவ்வளவு கிட்டத்தில் வீசியிருக்கமாட்டான்.

"அம்மிணி, போதும், எல்லாரும் நம்பிட்டாங்க" என்று சொல்லப் போனேன். அப்போது என் கையில் யாரோ கிள்ளினார்கள்.

இரண்டு கிள்ளு.

திரும்பினேன். கோகிலா. அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தது? அவள் அத்தை தெய்வானைதான் சொல்லிக் கொடுத்திருக்கவேண்டும், போவதற்கு முன்னால். சொல்ல வந்ததை அப்படியே நிறுத்திக்கொண்டேன்.

அந்த நீலச் சட்டைதான் போய் ரெஜினாவிடம் எல்லாவற்றையும் சொல்லிச் சமாதானம் செய்தது. சொல்லச் சொல்ல அதற்கே சிரிப்புத் தாங்காமல் யானை உட்காருகிற முக்காலியில் போய் உட்கார்ந்துவிட்டது. ஆமாம், நீங்கள் நினைப்பது சரிதான். அதுதான் நவநீதன். வெள்ளை வேட்டிக்காரர்தான் சம்பந்தி. அவர் என் பக்கத்தில் வந்து, "ஏனுங்க, நாங்க பொள்ளாச்சியிலிருந்து எங்களாட்டமே வந்துட்டோம். மதம் மாறி வரோணும்னு ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார். நல்ல மனிதர்.

சூசைமாணிக்கம் குடும்பம் நிஜமாகவே சூசைமாணிக்கம் குடும்பம். நிஜமாகவே திண்டுக்கல். நிஜமாகவே மியூசியம் பார்க்க வந்தவர்கள். உலகத்தில் அப்படியும் ஆட்கள் இருக்கிறார்கள்.

வேனில் அக்கா எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். இதுவும் போயிற்று என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தப் பிள்ளை நிஜமாகவே கல்யாணம் வேண்டாம் என்று உட்கார்ந்துவிட்டால், தெய்வானைக்கு நான் என்ன பதில் சொல்வது? அடுத்த நாள் விளக்கு வைக்கிற நேரத்தில் போன் வந்தது. அவர்களுக்குச் சம்மதம். மாப்பிள்ளை சொன்னாராம்: "அவங்க மாமா எங்ககூட அதிகம் பேசாம இருந்ததாலதான் நாங்க ரெண்டு பேரும் நிம்மதியாப் பேச முடிஞ்சது." பார்த்தீர்களா, என்னுடைய அடக்கத்தை அவர் அங்கேயே கவனித்திருக்கிறார். ஊரில் இருப்பவர்களுக்கு இத்தனை வருஷமாகக் கண்ணில் படவில்லை.

கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. சூசைமாணிக்கத்துக்கும் பத்திரிகை அனுப்பினேன். குடும்பத்தோடு வந்தார். ரெஜினா மட்டும் கோகிலாவைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிடப் போனாள். மியூசியத்தில் கிட்டண்ணன் என்று ஒருவர், ஜோக்கராக இருந்தவர், இப்போது எல்லாவற்றையும் சுற்றிக் காட்டுகிறார். முகத்தில் மருந்துக்குக்கூடச் சிரிப்பு கிடையாது. மியூசியம் போன அன்றைக்கு நாங்கள் கிளம்பும்போது அவர் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "சார், நீங்க ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வர முடியுமா? டிக்கெட் வேண்டாம்" என்றார். கலைப்பொருளைப் பற்றிய என் கேள்விகள் அவரை அப்படிக் கவர்ந்திருக்கின்றன.

எனக்கு ஒரே ஒரு குறைதான். கோகிலா நீலத்தை மஞ்சள் என்று சொல்லிவிட்டாள். அவளைக் கோபித்துக்கொள்ள முடியுமா? நாள் முழுக்க நிறம் நிறமாகப் பார்த்துப் பார்த்துக் கண் குழம்பியிருக்கும். அதிகம் வேலை வாங்குகிறார்கள். நான் இதை அவளிடம் கேட்கவே இல்லை. கேட்டால் மனம் நொந்துபோவாள்.

எழுந்திருக்கிறீர்களே? தாராபுரம்தான் வருகிறது. நீங்கள் திண்டுக்கல்லுக்கு டிக்கெட் வாங்கியதை நான் பார்த்தேன். உட்காருங்கள்.

இப்போது சின்னவள் தாரணிக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். இன்றைக்குக் காலையில் அவள்தான் என்னை பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டி வந்தாள். அக்காவும் மச்சானும் கோகிலாவும் மாப்பிள்ளையும் கோயம்புத்தூருக்குக் குக்கர் வாங்கப் போகிறார்கள். தாரணியும் போகிறாள். குக்கர் வாங்குவதற்கு எதற்கு எல்லாரும் பட்டு கட்டிக்கொண்டு தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு போகிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. நல்ல கடையாக இருக்கும்.

தாரணி இந்த பஸ்ஸைச் சுற்றி வந்து ஒவ்வொரு ஜன்னலாக எட்டிப் பார்த்தாள். பிறகு என் காதில், "மாமா, அதோ ஜன்னலோரம், பச்சைக் கட்டம் போட்ட சட்டை. அவர்தான் எனக்குப் பார்த்திருக்கற மாப்பிள்ளையோட அப்பா. முதல்ல உங்களை மட்டும் தற்செயலாப் பார்க்கோணுமாம். திண்டுக்கல் வரைக்கும் விட்டுறாதீங்க" என்றாள். இந்தத் தடவை நான் ஏமாறுவதாக இல்லை. "பச்சைதானே கண்ணு? நல்லாப் பார்த்துச் சொல்லு. நீலம் இல்லையே?" என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். பச்சைதான் மாமா என்று அடித்துச் சொன்னாள்.

இப்போது நானே பக்கத்திலிருந்து பார்க்கிறேன். பச்சைதான்.

என்ன சொன்னீர்கள்? உங்களுக்கு மகனே இல்லையா?

பிரமாதம். சூசைமாணிக்கம்கூட இவ்வளவு இயல்பாகச் சொல்லவில்லை. சரிங்க, உங்களுக்கு மகன் இல்லை. எனக்கும் அக்கா மகள் இல்லை. இந்தாருங்கள், இப்போதாவது கொய்யாப்பழம் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் இல்லாத அந்தப் பையனுக்குக் கோபம் வருமுங்களா?